எட்டாம் நாளுக்கு ஒரு பெயர்

மதில்மேல் நாரைகள் கூடு கட்டும் மெக்னெஸ் நகரத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு நாற்பத்து மூன்று வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

அதனால் தினமும் காலையில் ஒரு கூத்து நடக்கும். மொராக்கோ யூதர்களிடையே சீடன் ஆசானின் கையை முத்தமிட வேண்டும். சின்னவரும் பெரியவரின் கையை முத்தமிட வேண்டும். ஆகவே இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுப்பார்கள். யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ கைகலப்பு என்றுதான் தோன்றும்.

குருவின் பெயர் அவ்னேர். ஊரில் எல்லோருக்கும் அவர் ரிப்பி. யூத ஆசானை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலையில் சந்தையில் யூத முறைப்படி கோழி அறுப்பார், பிற்பகலில் பாடம் சொல்வார். மெல்லா என்று பெயர்பெற்ற யூதர் தெருக்களில் ஒருகாலத்தில் சந்துக்குச் சந்து தொழுகைக்கூடம் இருந்தது. இப்போது ஒன்றைத் திறந்து வைப்பதே பெரும்பாடு. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். வார நாட்களில் ஏழு பேர் தேறினாலே ரிப்பியின் முகம் மலர்ந்துவிடும்.

சீடர் நிசிம் விஸ்மான். ஒன்பது வயதில் பெற்றோரோடு மெக்னெஸைவிட்டுப் போனவர். பிரான்ஸில், ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில், முப்பத்தைந்து வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கே பார்வையைச் சரிசெய்தவன் என்ற பெருமை அவருக்கு உண்டு. மனைவி இறந்தாள், கடையை விற்றார், போன இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டியும் நீளமான ஒரு காகிதச் சுருளுமாக மெக்னெஸுக்கு வந்து இறங்கினார்.

அந்தச் சுருளில் இருந்தது அவருடைய வம்சம். பதினொரு வருட உழைப்பு. விரித்தால் ரிப்பியின் மேசை போதாமல் இரண்டு பக்கமும் தொங்கும். அதன் உச்சியில் சிவப்பு மையில் ஒரு பெயர்: ரிப்பி மக்லூஃப் விஸ்மான். இருநூறு வருடங்களுக்கு முன் அந்த நகரத்து யூதர்களின் நீதிபதியாக இருந்தவர். கல்லறைத் தோட்டத்திலேயே பெரிய கல்லறை அவருடையது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவருடைய நினைவு நாளன்று பாரிஸிலிருந்தும் மொன்ட்ரியாலிலிருந்தும் ஆட்கள் வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வருவார்கள், வழக்கில் மாட்டிக்கொண்டவர்களும் வருவார்கள்.

"அவர் ரத்தம் என் உடம்புல ஓடுது ரிப்பி," என்பார் நிசிம். வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வார்.

ரிப்பி கேட்டுக்கொள்வார். ஆமாம் என்று சொன்னதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. நிசிமுக்குப் பேரன் பிறந்திருந்தான். முதல் பேரன். நிசிம் தெருவில் நின்று அழுதார். எதிர்க்கடையில் ஆலிவ் காய் விற்றவர் என்னமோ ஏதோ என்று பதறி ஓடிவந்தார்.

யூதர்களுக்குப் பிறந்த எட்டாம் நாளில் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம், அதாவது நுனித்தோல் நீக்கும் சடங்கு, நடக்கும். அப்போதுதான் பெயரும் வைப்பார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டாம் நாள். பெயர் விஷயத்தில்தான் சிக்கல் இருந்தது.

நிசிமுக்கு அவருடைய தாத்தாவின் பெயர். தாத்தா உயிரோடு இருக்கும்போதே வைத்த பெயர். மொராக்கோ யூதர் வழக்கம் அது. மகன்கள் தங்கள் அப்பாவின் பெயரைத் தங்கள் பிள்ளைக்கு வைப்பார்கள். கிழவர் தன் பெயரைத் தன் மடியிலேயே வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பார். மெல்லாவில் இருந்த அந்த வீட்டில் மூன்று நிசிம்கள் இருந்தார்கள்: தாத்தா, இவர், சித்தப்பாவின் மகன். அம்மா சமையலறையிலிருந்து "நிசிம், சாப்பிட வா" என்றால் மூன்று பேரும் போவார்கள். தாத்தாதான் முதலில் போய் நிற்பார்.

மருமகள் எடித்தின் வீட்டு வழக்கம் இதற்கு நேர்மாறு. அவளுடைய முன்னோர் போலந்திலிருந்து வந்த யூதர்கள். உயிரோடு இருக்கிறவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது, பெரியவருக்கு நாள் குறிப்பதற்குச் சமம் அவர்களுக்கு.

"மாமா, உங்க பேரை வைக்க எனக்கு மனசு வரலை," என்றாள் எடித் தொலைபேசியில். "நீங்க ரொம்ப நாள் இருக்கணும்."

"சரிம்மா. என் பேர் வேண்டாம். எங்க மூதாதை பேரை வை. மக்லூஃப். பெரிய நீதிபதி அவர்."

எடித் வழக்கறிஞர். பிள்ளை பெற்ற அன்றைக்கும் வழக்கறிஞர்தான்.

"அவர் உங்க மூதாதைன்னு நிச்சயமா தெரியுமா மாமா? இல்லை, வீட்ல சொல்லிக்கிறதா?"

"நிச்சயமா தெரியும்."

"அப்ப உங்க ரிப்பிகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. திங்கட்கிழமை மதியத்துக்குள்ள எனக்குத் தெரியணும், எங்க அப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லணும். இரவல் பெருமையை என் பிள்ளை தலையில ஏத்தமாட்டேன். கடிதம் கிடைக்கலேன்னா செத்துப்போன எங்க தாத்தா பேர் இருக்கு. ஹெர்ஷ்."

நிசிமுக்கு ஹெர்ஷ் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் தன் வீட்டு ஆள் ஒருவர்கூட அந்தக் குழந்தையிடம் இருக்கப்போவதில்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஊர் போயிற்று. வீட்டில் பேசிய அரபியும் போயிற்று, அவர் மகனுக்கு அதில் பத்து வார்த்தை தெரியாது. மிச்சம் இருந்தது பெயர்கள்தான். திங்கட்கிழமை மாலை விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டு, புதன்கிழமை விடிந்ததும் நேராகச் சந்தைக்குப் போனார்.

ரிப்பி கத்தியைத் தன் நகத்தின் மேல் மெல்ல ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இம்மியளவு பல் தட்டினாலும் அந்தக் கத்தி அறுக்க ஆகாது. பக்கத்துக் கூடையில் கோழிகள் அமைதியாக இருந்தன.

நிசிம் விஷயத்தைச் சொன்னார்.

"நாலு வரி போதும் ரிப்பி. உங்க கையெழுத்து, சபையோட முத்திரை."

"முத்திரை இருக்கு," என்றார் ரிப்பி. "மைதான் காஞ்சிருக்கும்."

"மை நான் வாங்கிட்டு வரேன்."

"சுண்ணாம்பு வாங்கிட்டு வாங்க முசே நிசிம். அடுத்த வாரம் நினைவு நாள். கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கணும்." பிரான்ஸிலிருந்து வந்தவரை ரிப்பி பிரெஞ்சு மரியாதையோடு முசே என்றுதான் கூப்பிடுவார்.

"கடிதம்?"

"முதல்ல வெள்ளையடிங்க."

இதென்ன, பள்ளிக்கூடப் பையனுக்குத் தண்டனை கொடுப்பதுபோல என்று நிசிம் மனதுக்குள் பொருமினார். ஆனாலும் குரு சொல்லிவிட்டார். இரண்டு மூட்டை சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

வாசலில் இருந்த ஒற்றை அறையில் லல்லா ருகையா இருந்தாள். முஸ்லிம் பெண்மணி. யூதர்களின் அந்தக் கல்லறைகளை அவளுடைய தாத்தா காத்தார், பிறகு அப்பா காத்தார், இப்போது இவள் காக்கிறாள். வயதில் மூத்த பெண்ணை அங்கே லல்லா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ருகையாவுக்கு அந்த மரியாதை போதாது என்பது நிசிமின் எண்ணம். அவ்வளவு அதட்டுவாள்.

"கோட்டைக் கழட்டிட்டு வாங்க," என்றாள். "சுண்ணாம்பு பட்டா போகாது. வாளியில கட்டி இல்லாம கலக்குங்க."

புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று காலைகள் நிசிம் வெள்ளையடித்தார். முதுகு கடுத்தது. ஆனால் நீதிபதி மக்லூஃபின் கல்லறை முன்னால் போனதும் களைப்பு மறந்துபோகும். அதற்கு ஒரு பூச்சு அடித்தார். காய்ந்ததும் இன்னொன்று. வெள்ளிக்கிழமை மூன்றாவதும் அடித்துவிட்டு, தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெயிலில் கண் கூசியது. திருப்தியாக இருந்தது.

மதியம் ரிப்பி வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"பின்வரிசைகள்?"

"நேரம் பத்தலை ரிப்பி. அதுல பாதிக்குப் பேரே இல்லை. கல்லு மட்டும்தான்."

"இவருக்கு மூணு பூச்சு."

"அவர் என் மூதாதை."

"மூணாவது பூச்சு நிக்காது," என்றாள் ருகையா வாசலிலிருந்தே. "கனமா அடிச்சா உரிஞ்சு விழும். நான் நேத்தே சொன்னேன், கேட்டாத்தானே."

 அன்று சூரியன் சாய்ந்ததும் ஓய்வு நாள் தொடங்கிவிடும் என்பதால் ரிப்பி கை கழுவிக்கொண்டு புறப்பட்டார். அடுத்த நாள் முழுவதும் எழுதவும் கூடாது, வேலை பற்றிப் பேசவும் கூடாது. நிசிம் தொழுகைக்கூடத்தில் உட்கார்ந்து விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஞாயிறு, திங்கள். இரண்டே நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையை இழுக்கும் கூத்துக்குக்கூட நிசிம் நிற்கவில்லை.

"வெள்ளையடிச்சாச்சு ரிப்பி. இப்ப எழுதுங்க."

ரிப்பி அலமாரியைத் திறந்து, தோல் உறை போட்ட ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து மேசையில் வைத்தார். நிசிமுக்கு அது தெரிந்த குறிப்பேடுதான். நீதிபதியின் காலத்தில் அந்த நகரத்தில் விருத்தசேதனம் செய்துவந்த யோசெஃப் என்பவர் எழுதியது. நாற்பத்து நான்கு வருடம் தான் கை வைத்த ஒவ்வொரு குழந்தையையும் அதில் எழுதிவைத்திருந்தார்.

"இதைப் படிச்சீங்களா?"

"வந்த முதல் மாசமே படிச்சேனே. அந்த வரியைப் பிரதி எடுத்து வச்சிருக்கேன்." நிசிம் மனப்பாடமாகச் சொன்னார். "'யாக்கோபின் மகன், மக்லூஃப் விஸ்மானின் பேரன். தாத்தா உயிரோடு இருக்கிறார், தொட்டுப் பார்த்தார். பெயர் மக்லூஃப்.' நீதிபதியோட அப்பா யாக்கோபு. கல்லறையிலேயே வெட்டியிருக்கு."

"எது வரைக்கும் படிச்சீங்க?"

"அந்த வரி வர்ற வரைக்கும்."

"அது எத்தனாவது தாள்?"

"மூணாவது."

"மொத்தம் எத்தனை தாள் இருக்கு?"

 நிசிம் எண்ணிப் பார்த்ததே இல்லை. ரிப்பி கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார்.

நிசிம் வேண்டாவெறுப்பாகத்தான் திறந்தார். மூன்றாவது தாள், தன் வரி, அங்கேயே இருந்தது. புரட்டினார். நான்காவது தாளின் நடுவில், ஐந்து மாதம் கழித்து எழுதிய ஒரு வரி இருந்தது.

'ஷ்லோமோவின் மகன், மக்லூஃப் விஸ்மானின் பேரன். பெயர் மக்லூஃப்.'

யோசெஃப் தவறுதலாக இரண்டு முறை எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் புரிந்தது. தாத்தா ஒருவர், மகன்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் தங்கள் அப்பாவின் பெயரைத் தங்கள் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில், ஒரே தெருவில், ஒரே பெயரில் இரண்டு பேரன்கள். மூன்று நிசிம்கள் இருந்த வீட்டில் வளர்ந்த மனிதருக்கு, மக்லூஃப் இன்னொருவரும் இருக்கலாம் என்று பதினொரு வருடத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவர் தன் கையால் தன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு தாளாகப் படித்தார். யோசெஃப் ஒழுங்கான ஆள். தகப்பன் பெயர், பிள்ளை பெயர், பிள்ளையை மடியில் வைத்திருந்தவர் பெயர், கடைசியாக 'நாற்காலி' என்று எழுதி ஒரு பெயர். விருத்தசேதனம் நடக்கும் வீடுகளுக்கெல்லாம் எலியா தீர்க்கதரிசி கண்ணுக்குத் தெரியாமல் வருவார் என்பது யூதர்களின் நம்பிக்கை. அவர் அமர்வதற்காகத் தொழுகைக்கூடத்திலிருந்து ஒரு பெரிய நாற்காலியைச் சுமந்துகொண்டு போய்ப் போடுவார்கள். சுமந்தவர் பெயரையும் யோசெஃப் விட்டுவிடவில்லை.

பதினேழாவது வருடத்திலிருந்து அந்த இடத்தில் ஒரே பெயர் வர ஆரம்பித்தது. 'நாற்காலி: ஷ்லோமோவின் மகன் மக்லூஃப்.' அடுத்த வரியிலும் அதே. அடுத்த தாளிலும் அதே. 'மழை. நாற்காலி: ஷ்லோமோவின் மகன் மக்லூஃப்.' 'வீடு மூன்றாவது மாடி. நாற்காலி: ஷ்லோமோவின் மகன் மக்லூஃப்.'

பாதிக்கு மேல் தாண்டியதும் நிசிமின் விரல் நின்றது.

'ஷ்லோமோவின் மகன் மக்லூஃபுக்கு இரண்டாவது மகன். பெயர் ஆபிரகாம். நாற்காலி: தகப்பனே. இன்றைக்காவது வேறு யாராவது தூக்கட்டும் என்றேன், கேட்கவில்லை.'

ஆபிரகாமை நிசிமுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சுருளில் கீழிருந்து மேலே போனால் ஐயமே இல்லாமல் நிற்கும் கடைசிப் பெயர் அது. பழைய திருமண ஒப்பந்தம் ஒன்றில் 'மக்லூஃப் விஸ்மானின் மகன் ஆபிரகாம்' என்று இருந்தது. அதற்கு மேல்தான் அவர் சிவப்பு மையில் நீதிபதியை எழுதியிருந்தார்.

குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரிப்பியைத் தேடிப் போனார். சந்தையில் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, பெயர் இல்லாத ஒரு கல்லுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். ருகையா வாளியைப் பிடித்திருந்தாள்.

"ரிப்பி, நீதிபதிக்கு மகன்கள் உண்டா?"

"இல்லை. நாலும் மகள்கள்."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு? எனக்கு எங்கேயும் கிடைக்கலையே."

ரிப்பி தூரிகையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். ருகையாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அந்த நீதிபதியோட மூணாவது மகள் வழியில வந்தவர்தானே ரிப்பி. இவங்க அம்மா இங்கே வந்து மெழுகுவத்தி ஏத்தும்போதெல்லாம் எங்க அப்பாகிட்ட சொல்வாங்களே."

 நிசிமுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

"ஆறு மாசமா உங்க எதிர்ல உட்கார்ந்து, அவர் ரத்தம் என் உடம்புல ஓடுதுன்னு பீத்திக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

"என்கிட்ட வர்ற கோழி எதுவும் அதைக் கேட்டதில்லை முசே நிசிம்."

ருகையா சிரித்தாள். நிசிமுக்குச் சிரிப்பு வரவில்லை.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்."

"'அவர் இல்லை'ன்னு சொல்லியிருக்கலாம். கேட்டுட்டு மறுநாளே ஊருக்குப் போயிருப்பீங்க. வேற ஒருத்தர் இருக்கணும்னு எனக்குத் தெரியும். யார்னு தெரியாது." ரிப்பி குறிப்பேட்டைப் பார்த்தார். "கிடைச்சாரா?"

"கிடைச்சார்." நிசிம் குறிப்பேட்டைத் தட்டிக் காட்டினார். "பதினொரு வருஷம் ரிப்பி. என் மனைவி ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட ஆவணக் காப்பகத்துக்குப் போயிட்டு வந்தவன் நான். கடைசில கிடைச்சது யார்? நாற்காலி தூக்கினவர். நானூத்திப் பன்னிரண்டு தடவை. எண்ணிப் பார்த்தேன்."

சொல்லிவிட்டு அங்கேயே ஒரு கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.  ருகையா உள்ளே போய்ப் புதினா தேநீர் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து நிசிம் கேட்டார்.

"அவர் கல்லறை எது?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் ருகையா. "பேர் அழிஞ்சது இங்கே ஆயிரத்துக்கு மேல கிடக்கு. எல்லாத்துக்கும் அடிச்சிட்டா அவருக்கும் அடிச்ச மாதிரி ஆயிடும். ஒரு பூச்சு போதும்."

நிசிம் தேநீரைக் குடித்து முடித்தார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ரிப்பியின் கையிலிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டார். அந்தி சாய்வதற்குள் இரண்டு வரிசை முடிந்தது.

ஆனால் மனித மனம் அவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதா? திங்கட்கிழமை விடிந்ததும் நிசிம் வேறு ஒரு யோசனையோடு வந்தார். குளித்து, சவரம் செய்து, விமானத்துக்குப் பெட்டியும் கட்டிவைத்திருந்தார். கையில் புதிய மைப்புட்டி இருந்தது.

"ரிப்பி, பேர் ஒண்ணுதானே. இவரும் மக்லூஃப், அவரும் மக்லூஃப். எங்க மூதாதை மக்லூஃப் விஸ்மான்னு சொன்னா அது பொய்யா?"

"பொய் இல்லை."

"அதையே நீங்க கடிதத்துல எழுதலாம். இன்னார், இன்னாரோட வம்சம். ஒரு வார்த்தை தப்பில்லை. மருமகள் எந்த மக்லூஃப்னு கேக்கப்போறதில்லை. குழந்தைக்கு எங்க வீட்டுப் பேர் கிடைச்சிடும். நானும் ஒரு வார்த்தை பொய் சொன்னவன் ஆகமாட்டேன்."

மறுப்பார், அறிவுரை சொல்வார் என்று நிசிம் எதிர்பார்த்தார். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். ரிப்பியோ ஒரு தாளை எடுத்தார். மைப்புட்டியைத் திறந்தார். 'நிசிம் விஸ்மான் என்பவர் இந்நகரத்து மக்லூஃப் விஸ்மானின் நேர் வம்சம் என்று சான்று அளிக்கிறேன்' என்று அழகான எழுத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை மையில் தோய்த்து அழுத்தினார். ஊதிக் காயவைத்து நிசிமின் கையில் கொடுத்தார்.

நிசிம் அதைப் படித்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். அவர் கேட்டது அப்படியே இருந்தது.

"முசே நிசிம்," என்றார் ரிப்பி. "உங்க பேரன் வளர்ந்து ஒருநாள் இங்கே வருவான். ருகையாவோ ருகையாவோட மகளோ கதவைத் திறந்துவிடுவாங்க. உள்ளே வந்து எந்தக் கல்லைக் கட்டிக்கிட்டு அழுவான்?"

 பெரிய வெள்ளைக் கல்லறை நிசிமின் கண்முன் வந்தது. அதன் காலடியில் முகம் தெரியாத ஒரு இளைஞன் மண்டியிட்டிருந்தான். பின்னால், பெயர் இல்லாத கற்களுக்கு நடுவில், அவனுடைய சொந்த மூதாதை படுத்திருந்தார். அவரை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடிதத்தை மேசையில் வைத்தார். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகப்போனது. பிறகு தொலைபேசியை எடுத்தார். எண் ஒரு முறை தவறிப்போய், மறுபடி அழுத்தினார்.

"எடித், நான்தான்மா."

"சொல்லுங்க மாமா. கடிதம் கிடைச்சுதா?" பின்னணியில் குழந்தை சிணுங்கியது.

"கிடைச்சுது. அதுல இருக்கிறது எல்லாமே உண்மை. ஆனா அதை நான் உன்கிட்ட கொண்டுவரமாட்டேன்."

"புரியலை மாமா."

நிசிம் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. இரண்டு பேரன்கள், ஒரு பெயர். நீதிபதி வேறு, தங்கள் ஆள் வேறு. தங்கள் ஆள் நீதிபதி இல்லை, ரிப்பியும் இல்லை, நாற்காலி சுமந்தவர். கல்லறையும் எது என்று தெரியாது. சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே போயிற்று.

 மறுமுனையில் குழந்தை விட்டுவிட்டு அழுதது.

"ஹெர்ஷ்னே வச்சிடும்மா," என்றார் நிசிம். "நல்ல பேர்தான். எனக்கு வருத்தம் இல்லை."

வருத்தம் இருந்தது. அது அவர் குரலிலேயே தெரிந்தது.

"இருங்க மாமா," என்றாள் எடித். இப்போது அவள் வழக்கறிஞர்போலப் பேசவில்லை. "அவர் எப்படிப்பட்ட மனுஷர்? அதைச் சொல்லுங்க. நாளைக்கு மக்லூஃப்னு பேர் வைக்கும்போது இது யார் பேர்னு எங்க அப்பா கேப்பார். என் பிள்ளையும் ஒருநாள் கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

நிசிம் யோசித்தார். அந்த மனிதர் ஒரு புத்தகம் எழுதவில்லை. ஒரு தீர்ப்பு சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை. இருப்பது இன்னொருவருடைய குறிப்பேட்டில் ஒரு ஓரம், அவ்வளவுதான். தொலைபேசியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"எப்படிப்பட்டவர்னு கேக்கறா ரிப்பி. என்ன சொல்ல?"

ரிப்பி குறிப்பேட்டை மூடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நானூத்திப் பன்னிரண்டு வீட்டுக்கு அந்த நாற்காலியைத் தூக்கிட்டுப் போனவர்," என்றார். "ஒரு வீட்லகூட அதுல உட்காராதவர்னு சொல்லுங்க."